ஜிம் கட்டணத்தை யாருக்குக் கட்டுவது?

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்தால் போதுமா, ஜிம்மில் சேர்ந்தே ஆக வேண்டுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டிய பையன்கள். அவர்களுடைய அம்மாக்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ‘தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா’ என்று டாக்டர் சொல்லியிருப்பார். மொட்டை மாடியிலோ தெருமுனைப் பூங்காவிலோ அவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். மகன் ஆண்டுக் கட்டணம் கட்டி ஜிம்முக்குப் போய்வருவான். தசையையும் எலும்பையும் பற்றி இதுவரை நடந்துள்ள ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது. மகனுக்கு வீடே போதும். ஜிம் தேவைப்படுவது அம்மாவுக்கு.

இதயத்தின் கதை எளிது. 1953-இல் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். அந்தக் காலத்து லண்டன் இரட்டை மாடிப் பேருந்தில் டிரைவர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இதயநோய் டிரைவர்களுக்கு அதிகமாகவும் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும் வந்திருந்தது. உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் முறையாக ஆராயத் தொடங்கியது அங்கிருந்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்று இருக்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். நடை, சைக்கிள், மாடிப்படி, வீடு கூட்டித் துடைப்பது எல்லாமே சேரும். டிரெட்மில்லுக்காக மட்டும் ஒருவர் ஜிம்மில் பணம் கட்டுகிறார் என்றால் அது தேவையற்ற செலவு.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரி உண்டு. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள், உடலின் பெரிய தசைகள் அத்தனைக்கும் வலுவூட்டும் பயிற்சி. நம் ஊரில் நடைப்பயிற்சியைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். இந்த வரியை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

தசைக்கு வலு எப்படிக் கூடுகிறது? தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நரம்பணுவும் தசைக்குள் பல பிரிவுகளாகப் பிரிந்து, ஒரு கூட்டம் இழைகளை இயக்குகிறது. சில கூட்டங்கள் சிறியவை. அவற்றுக்கு வேகமும் விசையும் குறைவு, ஆனால் எளிதில் களைக்காது. சில பெரியவை, விசை அதிகம், சீக்கிரம் சோர்ந்துவிடும். அமெரிக்க நரம்பியல் அறிஞர் எல்வுட் ஹென்னமன் 1950, 60-களில் இவற்றின் ஒழுங்கைக் கண்டறிந்தார். எந்த வேலைக்கும் முதலில் சிறிய கூட்டங்களே களமிறங்கும். சுமை கனமாக இருந்தாலோ, சிறியவை களைத்துப் போனாலோதான் பெரியவை உள்ளே வரும். பயிற்சியால் நன்றாகப் பருக்கக்கூடியவை அந்தப் பெரிய இழைகள். தினசரி நடையிலும் வீட்டு வேலையிலும் அவற்றுக்கு அழைப்புப் போவது அரிது.

அவற்றை எழுப்ப இரண்டு வழி இருக்கிறது. முதல் தடவையிலேயே திணறும் அளவுக்குக் கனமான எடையைத் தூக்கலாம். அல்லது லேசான எடையை, இனி ஒரு தடவைகூட முடியாது என்ற நிலை வரும்வரை தூக்கலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல் இதைச் சோதித்தார்கள். இளைஞர்களின் கால்களில் சிலவற்றுக்கு, ஒரே ஒருமுறை தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம். சிலவற்றுக்கு 30 சதவீதம் மட்டுமே. எல்லோரும் இனி முடியாது என்ற கட்டம்வரை செய்தார்கள். பத்து வாரம் கழித்து அளந்தபோது, இரு வகையிலும் தொடைத் தசை ஏறத்தாழ ஒரே அளவு வளர்ந்திருந்தது. ஒரே மூச்சில் தூக்கும் உச்ச பலம் மட்டும் கனமான எடை எடுத்த கால்களில் கூடுதலாக ஏறியது.

ஜிம் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் பையனுக்கு வேண்டியது பெரும்பாலும் தசைப் பருமன்தான். அதற்கான எடை அவன் உடம்பிலேயே இருக்கிறது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றித் தண்டால் நிலையில் நின்று, யாரையாவது முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். 70 கிலோ ஆளுக்கு 45 முதல் 50 கிலோவரை காட்டும். முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் 35, 40 கிலோவுக்கு இறங்கும். காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தால் மறுபடி ஏறும். பெஞ்சில் மல்லாந்து படுத்து பார்பெல் தள்ளுபவர்கள் பலர் முதல் வருடம் எடுக்கும் எடைக்கு இது குறைந்ததல்ல. தண்டால் சுலபமாகிவிட்டால் காலை உயர்த்தி வைக்கலாம், மெதுவாக இறங்கலாம், முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொள்ளலாம். பஸ்கி சுலபமாகிவிட்டால் ஒரு காலைப் பின்னால் கட்டிலில் வைத்துவிட்டு மறு காலால் உட்கார்ந்து எழலாம். நம் ஊர் பயில்வான்கள் தண்டாலிலும் பஸ்கியிலும் கர்லாக் கட்டையிலும் உடம்பை வளர்த்தவர்கள்தானே.

வீட்டில் உள்ள ஒரே இடைவெளி முதுகுதான். தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. தண்டால் மட்டும் போட்டு முதுகை விட்டுவிட்டவர்களின் தோள் முன்னால் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். கதவு நிலையில் பொருத்தும் புல்-அப் கம்பி, அல்லது ரப்பர் பேண்ட், அல்லது இருபது லிட்டர் தண்ணீர் கேன். கேன் நிறைந்திருந்தால் 20 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் அதை இடுப்புவரை இழுத்து இறக்கினால் முதுகுக்கு வேலை வந்துவிடும்.

கட்டணம் கட்டிவிட்டால் போகாமல் இருக்க மனசு வராது என்று பையன்கள் சொல்லும் சமாதானத்துக்கும் ஆய்வு இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மல்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் மூன்று ஜிம்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு தடவைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து டாலர் கொடுத்து அவ்வப்போது வந்துபோகும் வசதி அதே ஜிம்மில் இருந்தது! கட்டிய பணம் அவர்களை இழுத்துவரவில்லை.

ஜிம்மில் உண்மையான மதிப்பு உள்ளது, பக்கத்தில் நின்று பார்க்கும் ஆளின் கண்ணுக்கு. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே பழக்கமுள்ள ஆண்களை இரண்டாகப் பிரித்து ஒரே பயிற்சித் திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சியாளர் உடனிருந்தார். மறு பாதி தாமாகவே செய்தது. பன்னிரண்டு வாரத்தில் மேற்பார்வை உள்ளவர்கள் அதிக பலம் பெற்றார்கள். அவர்கள் எடையை வேகமாகக் கூட்டிக்கொண்டே போனதுதான் காரணம். தனியாகச் செய்பவர் தனக்குத் தானே சலுகை கொடுத்துக்கொள்கிறார்.

இனி அம்மாவிடம் வருவோம்.

எலும்பு உயிருள்ள பொருள். ஒருபக்கம் கரைந்தும் மறுபக்கம் கட்டப்பட்டும் வருகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரையும் வேகம் கூடிவிடுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே இது நடந்துவிடுகிறது. அதன்பின் எலும்புக்கு இன்னும் முப்பது வருடம் உழைப்பு இருக்கிறது. எலும்பைக் கட்டும் அணுக்களை எழுப்புவது எது என்று கிளின்டன் ரூபின், லான்ஸ் லான்யன் இருவரும் 1984-இல் பறவையின் இறக்கை எலும்பில் சோதித்தார்கள். ஒரு நாளைக்கு நான்கே நான்கு தடவை வலுவான அழுத்தம் கொடுத்தபோது எலும்பு கரையாமல் நின்றது. 36 தடவை கொடுத்தபோது வளர்ந்தது. 1,800 தடவை கொடுத்தும் அதைவிடக் கூடுதலாக வளரவில்லை. ஓர் அளவுக்கு மேல் எலும்பு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அழுத்தம் எவ்வளவு, அது தனக்குப் பழகியதா புதியதா என்று பார்க்கிறது. மொட்டை மாடியில் பத்தாயிரம் அடி நடந்தாலும் அம்மாவின் இடுப்பெலும்புக்கு அது ஐம்பது வருடமாகத் தெரிந்த அழுத்தம்தான்.

‘வீட்டு வேலையே எனக்கு எக்ஸர்சைஸ்தான்’ என்று அம்மாக்கள் சொல்வார்கள். இதயத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மை. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் குடமும் துணி வாளியும் வருடா வருடம் கனம் கூடுவதில்லை. பழகிய சுமைக்குத் தசையும் எலும்பும் புதிதாக எதையும் கட்டுவதில்லை.

கனம் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் செய்த சோதனை ஒன்று உண்டு, 2018-இல் வெளியானது. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள், சராசரி வயது 65. ஒரு பாதிப் பெண்கள் எட்டு மாதம் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். மறு பாதியினர் வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம், மேற்பார்வையில் எடை தூக்கினார்கள். தொடக்கத்தில் சில வாரம் லேசான எடையில் முறையை மட்டும் கற்றார்கள். பிறகு தங்களால் ஒருமுறை தூக்க முடிந்த உச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து ஐந்தாக ஐந்து செட். ஒரு முறை 40 கிலோ தூக்க முடிந்தவருக்கு இது 34 கிலோ. எட்டு மாத முடிவில், எடை தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருந்தது. வீட்டில் லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எடை தூக்கியவர்களில் பயந்தபடி எலும்பு முறிவு எதுவும் வரவில்லை.

வீடா ஜிம்மா என்று நேருக்கு நேர் நிறுத்தி, ஜிம் தெளிவாக வென்ற இடம் இது. வென்றவர்கள் அறுபதைத் தாண்டிய பெண்கள்.

‘கனம் தூக்காதீங்க’ என்று இந்த வயதுப் பெண்களிடம் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. முதுகை வளைத்து, அவசரமாக, பழக்கமில்லாமல் தூக்குவது ஆபத்துதான். ஆனால் சமையல் காஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்து 30 கிலோ வரும். டெலிவரி பையன் வாசலில் வைத்துவிட்டுப் போனதை உள்ளே நகர்த்துபவர் யார்? எப்படியும் தூக்கத்தான் போகிறார். தூக்கும் முறையை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. டெட்லிஃப்ட் என்ற பயிற்சி அதைத்தான் கற்றுத்தருகிறது. கம்பி தரையில் இருக்கும். பாதங்கள் இடுப்பு அகலத்தில். முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து கம்பியைப் பிடிக்க வேண்டும். பாதத்தால் தரையை அழுத்தியபடி எழுந்தால் கம்பி முழங்காலை ஒட்டி மேலே வரும். எழும்போது மூச்சை அடக்காமல் விட வேண்டும். பார்த்துத் திருத்த ஒருவர் இல்லாமல் இதைப் புத்தகம் படித்தோ யூடியூப் பார்த்தோ தொடங்கக் கூடாது. பூங்காக்களில் மாநகராட்சி வைத்திருக்கும் கருவிகள் பலவற்றில் எடையைக் கூட்ட வழியில்லை என்பதால் அவையும் இதற்கு உதவாது.

எலும்போடு முடிவதில்லை. நாம் சாப்பிட்டபின் இன்சுலின் ரத்தத்திலிருந்து எடுத்துவைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை உள்ளிழுக்கும். 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. தசையைக் காப்பது இவர்களுக்கு மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய காரியம். வயதாகிவிட்டதே என்ற தயக்கமும் வேண்டாம். 1990-இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தபோது கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

நம் ஜிம்கள் இதற்குத் தயாராக இல்லை என்பது எனக்குத் தெரியும். பாட்டுச் சத்தம், பையன்கள் கூட்டம், எங்கே நிற்பது என்று தெரியாத கூச்சம். லேடீஸ் டைமிங் என்று ஒதுக்கும் ஜிம்களில்கூடப் பெண்கள் என்றால் சைக்கிளில் உட்காரவைத்து, ஒரு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கிலோவை எலும்பு கவனிக்காது. இந்த மனப்பான்மை மாற வேண்டும். கேட்பவர்கள் வந்தால்தான் மாறும்.

ஆகவே, ஆண்டுக் கட்டணம் கட்டக் கிளம்பியிருக்கும் தம்பிகளே, அந்தப் பணத்தை அம்மா பெயரில் கட்டுங்கள். எலும்பு முறிவு ஏற்பட்டவர், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், மூட்டுவலி உள்ளவர் என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். சேர்வதற்கு முன் மாஸ்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வயதுக்காரர்களுக்கு இதற்குமுன் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா? முதல் மாதம் எடை ஏற்றாமல் முறையை மட்டும் சொல்லித்தருவீர்களா? இரண்டுக்கும் சரியான பதில் வராவிட்டால் வேறு ஜிம் பாருங்கள், அல்லது பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். முதல் சில வாரம் நீங்களும் கூடவே போய் நில்லுங்கள். காலை பதினொரு மணிக்குப் பெரும்பாலான ஜிம்கள் காலியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.