ஆணி அடிக்க ஒரு சுவர்

நெய்வேலியில் கண்காட்சி என்று சொன்னால் யாருக்கும் புத்தகக் கண்காட்சிதான் நினைவுக்கு வரும். ஆனி மாதக் காற்று ஆரம்பித்ததும் 11ஆவது வட்டத்தில் லிக்னைட் ஹால் பக்கம் கொட்டகை எழும்பும். ஜெனரல் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் குளித்துவிட்டு, பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு கையில் டெல்லி அப்பளமும் இன்னொரு கையில் புத்தகப் பையுமாகக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் நம்பிப் பிறந்த ஊர் இது. எழுத்தாளர்களை மேடையேற்றிக் கேட்கும் பழக்கம் இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்தியதால் வந்தது, வேறு ரகசியம் கிடையாது.

இங்கே பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புத்தகத்துக்குக் கிடைத்தது ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. ஆண்டு விழாவன்று வகுப்பறை பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, சார்ட் பேப்பரில் குண்டூசி குத்தி வைக்கும் 'ஆர்ட் எக்ஸிபிஷன்' நான் கேட்பது அல்ல. நம் காலத்து மனிதர்கள் நம் காலத்தைப் பற்றிச் செய்த படைப்புகளை மாதாமாதம் மாற்றி மாற்றி வைக்கும் ஓர் இடம் வேண்டும். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், ஓவியரையே பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இப்படிப்பட்ட இடத்தைத்தான் சமகாலக் கலை மையம் என்கிறார்கள். அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள் அங்கேயே இருக்கும். கலை மையத்தின் சுவரோ சில வாரங்களுக்கு ஒருமுறை காலியாகும், பிறகு நிறையும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. சோழமண்டலம் ஓவியர் கிராமம். நெய்வேலியிலிருந்து அந்தச் சாலையில் சுற்றுலா போகாத பள்ளி இல்லை. கடலூர், புதுச்சேரி, மகாபலிபுரம் வழியாகப் போகும் பஸ் வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவில் நிற்கும், பிள்ளைகள் ஓடுவார்கள். அதே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலத்தில் அந்த பஸ் நிற்பதில்லை. இதை நினைத்து நான் வருத்தப்படாத சுற்றுலா ஒன்றுகூட இல்லை.

அந்தக் கிராமம் உருவான கதை தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய கதை. 1960களின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு இருபத்தைந்து வயதில் ஓவியம் படிக்க வந்தவர். தன்னிடம் படித்து வெளியே போகும் பிள்ளைகள் ஓவியத்தை விட்டுவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலையில் கரைந்துபோவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஓவியம் வாங்கும் ஆட்கள் சென்னையில் மிகக் குறைவு. ஆகவே எல்லோரும் சேர்ந்து கைவினைப் பொருள் செய்து விற்பது, ஓவியம் வரைவதற்கு மிச்ச நேரத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். துணியில் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் வேலை அவர்களுக்குக் கை கொடுத்தது. அதை விற்றுச் சேர்த்த பணத்தில் சென்னைக்கு வெளியே கடலோர மணலில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் பிறந்தது. அரசு மானியம் வரட்டும், புரவலர் கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அங்கே குடியேறியவர்களில் ஒருவர் கே. ராமானுஜம். பேனாவும் மையும் போதும் அவருக்கு. மாடங்கள், கோபுரங்கள், பறக்கும் விலங்குகள் என்று ஒரு கனவு நகரத்தையே தாளில் எழுப்பிவிடுவார். அதற்குள் தொப்பி வைத்த ஒரு சின்ன உருவம் உலவும், அது அவரேதான். 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். சுல்தான் அலி, ஹரிதாசன், கோபிநாத், சேனாதிபதி, வாசுதேவ், டக்ளஸ் என்று நீளும் பெயர் வரிசை இந்திய நவீன ஓவிய வரலாற்றில் 'சென்னை இயக்கம்' என்று தனி அத்தியாயமாக இருக்கிறது. 2009இல் அங்கேயே சமகாலக் கலைக்கென ஒரு மையம் திறந்தார்கள். உள்ளே இந்த இயக்கத்தின் நிரந்தர அருங்காட்சியகம் ஒரு பக்கம், வெளியிலிருந்து வரும் ஓவியர்கள் கண்காட்சி வைக்கும் கூடங்கள் இன்னொரு பக்கம். வெளியே மரத்தடியில் கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள்.

"மாடர்ன் ஆர்ட்டா? நமக்குப் புரியாது சார்" என்று சொல்லிக் கும்பிடு போடுகிறவர்களை வாழ்நாள் முழுக்கச் சந்தித்திருக்கிறேன். அவர்களை முதலில் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களுக்கு முன்னால்தான் நிறுத்துவேன். 1963இல் தொடங்கி வரைந்தவை. கட்டங்கள், எண்கள், வாசிக்க முடியாத எழுத்துகள், நடுவே மீன், பறவை. கொஞ்ச நேரம் நின்றால் நம் வீட்டுப் பீரோவில் மஞ்சள் தடவி வைத்திருக்கும் ஜாதகம் கண்ணுக்குள் வரும். ஐரோப்பிய பாணியில் தேர்ந்த ஓவியர் ஒருவர், நம் ஊர் ஜோசியர் நோட்டிலிருந்து தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் 'புரியாது' என்ற சொல் கொஞ்சம் தளரும். இன்னொன்றும் கேட்பேன். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யைப் படித்திருக்கிறீர்களா? அதில் கோடு கோடாக இழுத்து வரைந்த கிராமத்து முகங்களைப் பார்த்து, எங்கள் தாத்தா மாதிரியே இருக்கிறார் என்று சொன்னவர்கள்தானே நாம்? அவற்றை வரைந்த ஆதிமூலம் இதே சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த நவீன ஓவியர். பத்திரிகையில் பார்த்துப் பழகிய கண் கூடத்துக்குள் வந்ததும் ஏன் பயப்பட வேண்டும்?

ஒரு முறை மாணவர்களோடு பெற்றோர் சிலரையும் சோழமண்டலத்துக்கு அழைத்துப் போனேன். என் மாணவன் ஒருவனின் அப்பா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நந்தகோபாலின் உலோகச் சிற்பம் ஒன்றின் முன்னால் அவர் நின்றுவிட்டார். நந்தகோபால் பணிக்கரின் மகன். செம்பையும் பித்தளையையும் தகடாக வெட்டி ஒட்டிச் சிற்பம் செய்தவர். மற்றவர்கள் இது மயிலா, சாமியா என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் குனிந்து இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இவ்வளவு மெல்லிசு தகட்டுல தீ பட்டா நெளிஞ்சுக்கும். இவரு நெளியவே விடல பாருங்க."

"உங்களால முடியுமாங்க?"

"ஒட்டிடுவேன் சார். ஆனா இங்க ஒட்டணும்னு எனக்குத் தோணாதே. எதுக்கு இந்த எடத்துல வளைச்சாருன்னுதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இந்தக் கேள்வியைத்தான். எதற்கு இந்த இடத்தில் வளைத்தார்? பொருளைத் தொட்டு வேலை செய்தவருக்கு அது தானாக வாய்த்தது. பக்கெட் வீல் இயந்திரத்தின் பல்லையும் கன்வேயர் பெல்ட்டின் ஒட்டையும் தினமும் பார்க்கும் ஊரில் சிற்பத்துக்கு ரசிகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சிற்பத்தைக் கொண்டுவந்து வைக்கத்தான் ஆளில்லை.

கண்காட்சி வைப்பது பெரிய செலவு பிடித்த வேலை என்ற நினைப்பும் பலரிடம் உண்டு. வெள்ளையடித்த சுவர், நிற்கிறவர் கண் உயரத்துக்குப் படத்தின் நடுப்பகுதி வரும்படி ஆணி, இரண்டு படங்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி, கண்ணாடியில் பட்டுக் கூசாத விளக்கு. பக்கத்தில் தலைப்பு, என்ன பொருளில் செய்தது, எந்த ஆண்டு, என்ன அளவு என்று ஒரு சின்ன அட்டை. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்று தீர்மானிக்கிறவரைக் க்யூரேட்டர் என்பார்கள். உண்மையான உழைப்பு அவருடையதுதான். இடம் மாற்றி மாட்டினால் ஒரே படம் வேறு ஒன்றைச் சொல்லும். திறப்பு நாளன்று ஓவியர் பெரும்பாலும் அங்கே இருப்பார். அன்றைக்குப் போவது நல்லது, கேட்க வெட்கப்படவும் வேண்டாம். பிறகு வரும் நாட்களில் பேச்சு, செய்முறைப் பட்டறை, சிறுவர்களுக்கான வகுப்பு என்று நிகழ்ச்சிகள் சேரும். கண்காட்சியைச் சுற்றி இவை நடந்தால்தான் கூடம் ஊராருடையதாகும், இல்லாவிட்டால் அது வெறும் படக்கடை.

கூடம் கட்டாமலும் ஊர்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. 2020இல் சென்னை கண்ணகி நகரில், மறுகுடியமர்த்தப்பட்ட மக்களின் அடுக்குமாடிச் சுவர்களில் பல மாடி உயரத்துக்கு ஓவியங்கள் எழுந்தன. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படத் திருவிழா, பூங்கா போன்ற பொது இடங்களுக்குப் புகைப்படங்களைக் கொண்டுபோனது. கொச்சியில் 2012ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி தொடங்கிய பியனாலே கலைவிழா, கடலோரத்துப் பழைய வணிகக் கிடங்குகளையே கூடமாக்கிக்கொண்டது.

நெய்வேலியில் என்ன மாட்டுவது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்கு எதை விடுவது என்பதுதான் குழப்பம். சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் மேலே செம்மண், அதன் கீழே மணலும் களிமண்ணுமாக வெள்ளையும் மஞ்சளும், அடியில் பழுப்பு நிலக்கரி. இந்த அடுக்கை வரையாத மாணவன் என் வகுப்பில் இருந்ததில்லை. சுரங்க நிறுவனம் தொடங்கிய 1956இலிருந்து எத்தனை வீடுகளில் எத்தனை புகைப்படங்கள் இருக்கும்! முதல் குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்தது, ரஷ்ய நிபுணர்களோடு எடுத்தது, யூனிஃபார்மில் எடுத்தது. டிராயிங் ஆபீஸில் டிரேசிங் தாளில் மை போட்டு வரைந்து ஓய்வு பெற்றவர்களின் கைகள் இருக்கின்றன. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலும் அதைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. களிமண்ணைத் தேடி எங்கும் போக வேண்டாம்.

இன்னொன்றையும் மாட்ட வேண்டும். இந்தச் சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டு எழுந்துபோன கிராமங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வந்த பிள்ளைகளிடம் 'என் வீடு' என்று தலைப்புக் கொடுத்தால், இப்போது இருக்கும் வீட்டை விட்டுவிட்டு, இல்லாமல் போன வீட்டை வரைவார்கள். கிணறு, முந்திரி மரம், பலா மரம், ஐயனார் குதிரை எல்லாம் வரும். அந்தப் படங்களைப் பார்த்து மார்க் போடுவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவை என் மேஜையோடு நின்றுவிட்டன என்பது நியாயமல்ல. மின்சாரம் எடுத்தவர்களும் மண்ணைக் கொடுத்தவர்களும் ஒரே சுவர் முன்னால் நின்று பார்க்க வேண்டிய படங்கள் அவை.

சென்னை மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாறையைப் புரட்டும் நான்கு பேர். 1959இல் நிறுவப்பட்ட அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பணிக்கருக்கு முன்னால் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கல்லூரிக் காவலாளியையும் மாடலாக நிறுத்தி அதைச் செய்தார் என்று சொல்வார்கள். உழைக்கிறவன் உடம்பு கலைக்குப் பொருளானது அன்றே நடந்துவிட்டது. உழைக்கிறவன் வீட்டுப் பிள்ளை சாயங்காலம் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் ஒரு கலைக்கூடம் வருவதுதான் இன்னும் பாக்கி.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. பள்ளிகளே, அடுத்த சுற்றுலாவில் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு மணி நேரம் பஸ்ஸை நிறுத்துங்கள். டவுன்ஷிப்பை நிர்வகிக்கிறவர்களே, பழைய வட்டங்களில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸில் ஒன்றை இந்த ஊர் ஓவியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். வெள்ளையடிப்பதையும் ஆணி அடிப்பதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.