தொகைசார் பண்புகள்

கரைபொருளின் வகையைப் பொறுத்து அமையாமல், கரைசலிலுள்ள கரைபொருள் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையும் பண்புகள் தொகைசார் பண்புகள் எனப்படும். ஆவியழுத்தத் தாழ்வு, கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு, சவ்வூடு பரவல் அழுத்தம் ஆகிய நான்கும் இவ்வகையைச் சேர்ந்தவை.

துகள்களின் எண்ணிக்கை

குளுக்கோசு நீரில் அயனிகளாகப் பிரிவதில்லை. சமையல் உப்பு சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. எனவே ஒரு மோல் உப்பு ஏறத்தாழ இரண்டு மோல் துகள்களைத் தரும். இப்பெருக்க எண் வாண்ட் ஹாஃப் காரணி எனப்படும். இதற்குப் பெயர் தந்த வாண்ட் ஹாஃப், 1901ஆம் ஆண்டில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார்.

மருத்துவமனைகளில் சிரைவழி செலுத்தப்படும் 0.9% உப்பு நீரில் லிட்டருக்கு 0.31 மோல் துகள்களும், 5% குளுக்கோசுக் கரைசலில் 0.28 மோல் துகள்களும் உள்ளன. கரைபொருளின் எடை பெரிதும் வேறுபட்டாலும், இரண்டும் குருதியின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை ஒட்டியே அமைகின்றன. தூய நீரைச் செலுத்தினால், அது செங்குருதியணுக்களுள் புகுந்து அவற்றை வெடிக்கச் செய்யும்.

கடல்நீருக்கான கணக்கீடு

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. இவை முழுவதும் சோடியம் குளோரைடு எனக் கொண்டால், 35 ÷ 58.5 = 0.60 மோல். இதை எஞ்சிய 0.965 கிலோகிராம் நீரால் வகுத்தால் மோலாலிட்டி 0.62, துகள்களின் அளவில் 1.24.

* கொதிநிலை ஏற்றம்: 1.24 × 0.51 = 0.63 பாகை செல்சியசு
* உறைநிலைத் தாழ்வு: 1.24 × 1.86 = 2.3 பாகை செல்சியசு
* 25 பாகை செல்சியசில் சவ்வூடு பரவல் அழுத்தம் (லிட்டருக்கு 1.23 மோல் துகள்கள்): 1.23 × 0.0821 × 298 = 30 வளிமண்டல அழுத்தம்

உண்மையில் கடல்நீர் −1.9 பாகையில் உறைகிறது. அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 26 வளிமண்டல அழுத்தமே. அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதும், சல்பேட்டு போன்ற எடைமிக்க அயனிகள் கலந்திருப்பதால் துகள்கள் சற்றுக் குறைவதும் இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கல்

சென்னைக்காக மீஞ்சூரில் 2010ஆம் ஆண்டிலும், நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் தொடங்கப்பட்டன. 2024ஆம் ஆண்டில் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொரு நிலையம் திறக்கப்பட்டது. இவை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்குகின்றன. அதாவது, சவ்வூடு பரவல் அழுத்தத்தை விஞ்சும் அழுத்தத்தைச் செலுத்தினால்தான் கடல்நீரிலிருந்து நன்னீர் சவ்வின் மறுபுறம் செல்லும்.

100 லிட்டர் கடல்நீரிலிருந்து 45 லிட்டர் நன்னீர் எடுத்தால், எஞ்சும் 55 லிட்டரில் உப்பின் செறிவு 1.8 மடங்காகும், சவ்வூடு பரவல் அழுத்தமும் ஏறத்தாழ 47 வளிமண்டல அழுத்தமாக உயரும். ஆகவே இத்தகைய நிலையங்களின் எக்கிகள் பொதுவாக 55 முதல் 70 வளிமண்டல அழுத்தம் வரை தர வேண்டியுள்ளது. எவ்வளவு சிறந்த சவ்வைப் பயன்படுத்தினாலும், 1000 லிட்டர் நன்னீருக்குக் குறைந்தது 0.7 யூனிட் மின்னாற்றல் தேவை. நடைமுறையில் 3 முதல் 4 யூனிட் வரை செலவாகிறது.