தடிமன் காய்ச்சலை எண்ணுவது எப்படி?

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, "புது வைரஸ் வந்திட்டுதாம்" என்று எனக்கே நாலைந்து பேர் தொலைபேசியில் சொன்னார்கள். பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வைரஸே அல்ல, பக்டீரியா. ஆனால் அதே மாரிகாலத்தில்தான் இன்புளுவென்சாவும் தலைதூக்கும். தொடக்கத்தில் ஆளைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

இலங்கையில் இன்புளுவென்சா வழமையாக ஆண்டுக்கு இரு தடவை உச்சம் தொடும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிறகு நவம்பர் முதல் ஜனவரி வரை. எல்லா நோயாளரையும் யாரும் எண்ணுவதில்லை. தெரிவுசெய்த வைத்தியசாலைகளில், பத்து நாட்களுக்குள் தொடங்கிய இருமலும் 38 பாகை செல்சியஸ் காய்ச்சலும் உள்ளவர்களைப் பதிவார்கள். விடுதியில் அனுமதிக்க வேண்டிவந்தால் அது கடும் சுவாசத் தொற்று. அவர்களில் சிலரது மூக்கு, தொண்டை மாதிரிகள் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும். நூறு மாதிரியில் எத்தனையில் வைரஸ் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அந்த வீதம் வாரத்துக்கு வாரம் ஏறினால் பரவல் தொடங்கிவிட்டது.

இந்தக் கணக்கில் வராதவர்கள் பலர். என் அம்மா கொத்தமல்லி அவித்துக் குடித்து, இரண்டு பனடோலோடு படுத்துவிடுவார். இடம்பெயர்ந்த காலத்துப் பழக்கம். வன்னியில் பஸ்சுக்குக் காத்திருந்தே வைத்தியசாலை போகவேண்டியவர்களும் அப்படித்தான். கணக்கில் அவர்களின் ஊர் நோயில்லாத ஊராகத் தெரியும்.

காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் வீட்டில் இருக்கவேண்டாம். வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.