அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?

பாலியல் வன்கொடுமைச் செய்தி ஒன்று வெளியான சிறிது நேரத்துக்குள் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு கேள்வி வந்து நின்றுவிடுகிறது: “அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?” கேட்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பெண் பிள்ளையைப் பெற்று, அவள் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்தபடி இருப்பவர்களும் அவர்களில் உண்டு. இந்தக் கேள்வி பாதிக்கப்பட்டவரை மறுபடியும் காயப்படுத்துகிறது என்று பலர் எழுதியாயிற்று. அது உண்மைதான். ஆனால், அதைவிடக் கடுமையான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றம் நடந்து முடிந்த பிறகு நாம் கேட்பதாக நினைக்கும் இந்தக் கேள்வியைக் குற்றவாளி முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்கிறான். நாம் கேட்போம் என்ற நம்பிக்கையில்தான் அவன் துணிகிறான்.

அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 23, இரவு 8 மணிவாக்கில், கிண்டி வளாகத்துக்குள்ளேயே நடந்தது அது. மாணவி தன் நண்பருடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கே வந்தவன் கையில் எடுத்தது செல்போனை. இருவரும் தனியாக இருந்ததைப் படம் பிடித்திருப்பதாகவும், அதைக் கல்லூரி நிர்வாகத்துக்குக் காட்டப்போவதாகவும் மிரட்டினான். இந்த மிரட்டல் ஏன் வேலை செய்கிறது என்று நின்று யோசிக்க வேண்டும். இரண்டு மாணவர்கள் ஒரு வளாகத்தில் பேசிக்கொண்டிருப்பது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமில்லை. அந்தப் படத்துக்குத் தானாக எந்த மதிப்பும் கிடையாது. “பையனோட இருட்டுல நின்னியா?” என்று கல்லூரி கேட்கும், வீடு கேட்கும், ஊர் கேட்கும் என்பதால்தான் அதற்கு மதிப்பு வருகிறது. அந்த மதிப்பைக் கொடுத்தது நாம்தான். அவன் போட்ட கணக்கு அந்த ஒரு முறை பொய்த்தது. அந்த மாணவி புகார் கொடுத்தார். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம், குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனையை அவனுக்கு விதித்தது. சம்பவம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நம் நாட்டு வழக்குகளின் வேகத்துக்கு இது அபூர்வம்.

ஆனால் அந்த ஆறு மாதத்தின் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாணவியின் அடையாளம் அடங்கிய எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்து கைக்குக் கை மாறியது. எஃப்.ஐ.ஆர். படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாள், நேரம், இடம், புகார்தாரர் விவரம், குற்றம் சாட்டப்பட்டவர் விவரம் என்று எண் போட்ட கட்டங்கள் அதில் வரிசையாக வரும். காலதாமதமாகப் புகார் கொடுத்தால் காரணம் எழுதக்கூட ஒரு கட்டம் உண்டு. ‘ஏன் அங்கே போனாய், யாரோடு போனாய்’ என்று ஒரு கட்டமும் இல்லை. சட்டம் கேட்காத அந்தக் கேள்விக்கான பதில், புகாரின் சாரத்தை எழுதும் பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. சொல்பவர் அழுதுகொண்டே சொல்வதை ஸ்டேஷனில் இருப்பவர் தன் வார்த்தைகளில் கோத்து எழுதும்போது, எழுதுபவரின் தீர்ப்பும் அதில் கலந்துவிடுகிறது. டிசம்பர் 28 அன்று இந்த விஷயத்தை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, அந்த எஃப்.ஐ.ஆரின் மொழியே பாதிக்கப்பட்டவர்மேல் பழி போடும்படி இருப்பதாகக் கண்டித்தது. அடையாளம் கசிந்ததற்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது.

25 லட்சம் என்ற அந்தத் தொகை நமக்குப் புதிதல்ல. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அப்போதும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. பாலியல் வல்லுறவு வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். பொதுவெளிக்கு வரவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிச் சுமார் மூன்று மாதமே ஆகியிருந்த நேரம் அது. பொள்ளாச்சிக்கும் கிண்டிக்கும் இடையில் ஐந்தே முக்கால் ஆண்டுகள். இழப்பீட்டுத் தொகை மாறவில்லை, இழைத்த தவறும் மாறவில்லை.

பொள்ளாச்சியை இங்கே சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ‘இரவு’ என்ற சாக்குக்கே இடமில்லை. நட்பாகப் பழகி, நம்பவைத்து, காரில் ஏற்றிக் கொண்டுபோய், வீடியோ எடுத்து, அதைக் காட்டியே திரும்பத் திரும்ப மிரட்டினார்கள். ‘அந்த நேரத்தில் என்ன வேலை’ என்று கேட்க முடியாத இடத்தில், ‘முகம் தெரியாதவனை நம்பி ஏன் கார்ல ஏறினா’ என்ற கேள்வி வந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1984-இல் பஞ்சாபில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி தேர்வு எழுதிவிட்டு நடந்து போகும்போது பட்டப்பகலில் கடத்தப்பட்டார். அந்தச் சிறுமியின் நடத்தையைப் பற்றித்தான் விசாரணை நீதிமன்றம் தரக்குறைவாக எழுதி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் தண்டனை கொடுத்ததோடு, நீதிமன்றங்கள் இப்படி எழுதக் கூடாது என்றும், இத்தகைய வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. பகல், பள்ளிச் சீருடை வயது, தேர்வு நாள் என எதுவும் அந்தப் பெண்ணைப் பழியிலிருந்து காப்பாற்றவில்லை. ஆக, நம் கேள்விக்குக் காரணம் கடிகாரம் அல்ல. இரவு நேரம் கைக்கு எளிதாகக் கிடைக்கும் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானதாகத் தோன்றும். ‘எச்சரிக்கையாக இரு என்பது எப்படிப் பழி ஆகும்? வீட்டைப் பூட்டிக்கொண்டு போகச் சொன்னால் திருடனை ஆதரிப்பதாக அர்த்தமா?’ என்று கேட்கிறார்கள். சரி, அந்த உவமையையே வைத்துக்கொள்வோம். பூட்டாமல் போன வீட்டில் திருட்டுப் போனால் போலீஸ் புகாரை வாங்குகிறது, நகைக்குக் கணக்கு எழுதுகிறது. திருடன் பிடிபட்டால், பூட்டாத குற்றத்துக்காக அவன் தண்டனையை யாரும் குறைப்பதில்லை. வீட்டுக்காரரின் ஒழுக்கத்தை ஊர் அலசுவதும் இல்லை. பாலியல் குற்றத்தில் மட்டும் எச்சரிக்கை, தீர்ப்பாக மாறிவிடுகிறது. அதுமட்டுமல்ல, பூட்டின் விலை சில நூறு ரூபாய். ‘எட்டு மணிக்குள் வீட்டுக்கு வா’ என்பதன் விலை கைவிட்ட டியூஷன், சேராத நூலகம், ஏற்காத பதவி உயர்வு, ஷிப்டு வேலை இருக்கிறது என்பதாலேயே தட்டிப்போன சம்பளம். ஒரு நாளில் பாதியை வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடு என்பதை வெறும் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு, ‘என்ன இருந்தாலும் இரவு ஆபத்துதானே’ என்பது. ஆள் நடமாட்டமில்லாத, விளக்கில்லாத தெருவில் பயம் வருவது இயல்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயம் காட்டும் திசையில்தான் ஆபத்தும் இருக்கிறதா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,516. அவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், முதலாளி. திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றிய வழக்குகளும் இதில் கலந்திருக்கின்றன என்பதால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வார்கள். ஏற்கிறேன். அப்படியானால் வழக்குகளை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டு யாரையாவது நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. எட்டு மணிக்குள் வந்துவிடு என்று எந்த இடத்துக்குப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறோமோ, அந்த இடத்தின் கணக்கு இது.

மூன்றாவதாகப் பெற்றோரின் பயம். இதைத்தான் நான் மிகுந்த மரியாதையோடு அணுக விரும்புகிறேன், ஏனென்றால் இதில் வஞ்சகம் இல்லை. ‘ஏதாவது ஆச்சுன்னா படிப்பை நிறுத்திடுவேன்’ என்று சொல்லும் தகப்பனுக்கு மகள் மேல் உள்ள அன்பைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வாக்கியம் மகளின் காதில் எப்படி விழுகிறது? எனக்கு ஏதாவது நடந்தால் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று விழுகிறது. மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அதுதான். ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று அவன் சொல்லும்போது அவள் நடுங்க வேண்டும், அவன் தொழில் அதில்தான் நடக்கிறது. ‘சொல்லு, என் அப்பாவுக்கு நானே சொல்கிறேன்’ என்று பதில் சொல்ல முடிந்த பெண்ணிடம் அவனுக்கு வேலையில்லை. அண்ணா பல்கலைக்கழக மாணவி புகார் கொடுத்ததைத் துணிச்சல் என்று பாராட்டினோம். பாராட்டியது சரி. துணிச்சல் இருந்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்ற நிலையை வைத்திருப்பது சரியல்ல.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் தெளிந்துவிட்டனவா என்றால், மேலே தெளிவு இருக்கிறது, கீழே இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. 2020 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்ஜாமீன் உத்தரவு ஒன்று, புகார் கொடுத்த பெண் இரவு 11 மணிக்கு அலுவலகத்துக்கு ஏன் போனார் என்பதை அவர் விளக்கவில்லை என்று குறிப்பிட்டது. சம்பவத்துக்குப் பிறகு களைப்பில் தூங்கிவிட்டேன் என்று அவர் சொன்னது இந்தியப் பெண்ணுக்குப் பொருந்தாது என்றும் எழுதியது. எதிர்ப்பு எழுந்தபின் இந்தியப் பெண் பற்றிய அந்த வரிகள் நீக்கப்பட்டன. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் தவிர்க்க வேண்டிய கருத்துகளை ஒரு பட்டியலாகவே கொடுத்தது. இரவில் தனியாக இருந்ததாலோ குறிப்பிட்ட உடை அணிந்ததாலோ தாக்குதலுக்குப் பெண்ணே பொறுப்பு என்ற எண்ணம் அதில் வெளிப்படையாக இடம்பெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவில் பெண் தானே தொல்லையை வரவழைத்துக்கொண்டார் என்ற கருத்து மறுபடியும் வந்தது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்தது.

அரசுகளும் இதே பாதையில்தான் போகின்றன. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர் இரவில் எங்கும் சுற்றவில்லை, பணியில் இருந்தார். அதன்பின் மேற்கு வங்க அரசு அறிவித்த திட்டங்களில் ஒன்று, முடிந்தவரை பெண் மருத்துவர்களுக்கு இரவுப் பணி தராமல் இருப்பது. பெண்களுக்குத் தேவை பாதுகாப்பு, சலுகை அல்ல என்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தச் சொன்னது. இதே வாதத்தைத் தொழிற்சாலைச் சட்டம் 1948-லிருந்தே வைத்திருந்தது, மாலை 7 மணிக்குமேல் பெண்களுக்கு ஆலையில் வேலை கிடையாது என்று. சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே அந்தப் பிரிவு பாகுபாடானது என்று சொல்லிவிட்டது. காசிமேட்டில் விடியுமுன் மீன் கூடையோடு ஏலத்துக்கு நிற்கும் பெண்கள், அரசு மருத்துவமனைகளின் நைட் டியூட்டி செவிலியர்கள், நள்ளிரவில் சாலையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரிடம் ‘அந்த நேரத்தில் என்ன வேலை’ என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் உழைப்பு ஊருக்கு வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் இருக்கிறதா, போகும் வழியில் விளக்கு எரிகிறதா, திறந்திருக்கும் கழிப்பறை உண்டா என்ற கேள்விகளைத்தான் மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் கழகத்திடமும் கேட்க வேண்டும். பஸ்ஸில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் பெரிய உதவி. கடைசி பஸ் போன பிறகு அதனால் பயனில்லை.

பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. விசாரணை மூடிய அறையில் நடந்தது. முதலில் புகார் கொடுத்தவரைத் தவிர மற்றப் பெண்களின் பெயர் தீர்ப்பு வரும்வரை வெளியே வராமல் காக்கப்பட்டது. 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். ஆறு ஆண்டு இழுத்த வழக்கு, மிரட்டலுக்கென்றே எடுத்து வைத்த வீடியோக்கள், முதலில் புகார் கொடுத்தவரின் அண்ணனை அடித்த கூட்டம் என்று இத்தனைக்கும் நடுவில்தான் அவர்கள் கோர்ட்டுக்கு வந்து கூண்டில் ஏறிச் சொன்னார்கள். முதல் பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்ட 2019 மார்ச்சில், அதைச் செய்தியில் பார்த்துவிட்டுத் தன் புகாரைச் சொல்லாமல் வைத்துக்கொண்ட பெண்களுக்கு அந்த மூடிய அறையும் அந்தப் பாதுகாப்பும் கிடைக்கவே இல்லை.