ஆற்காட்டில் பிறந்த குதிரைப்படை



1776. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் சேவையில் ஒரு குதிரைப்படைப் பிரிவு உருவானது. 1784-இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறி, மதராஸ் ராணுவத்தில் சேர்ந்தது. இன்று அதன் பெயர் 16-ஆவது லைட் கேவல்ரி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலும் இந்தப் படை இருந்தது.

ஓடி உளவு பார்ப்பது, எதிரி எங்கே என்று முதலில் கண்டு சொல்வது, சிதறி ஓடுபவர்களைத் துரத்துவது: இவைதாம் லைட் கேவல்ரியின் வேலைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குதிரைகள் போய் கவச வண்டிகள் வந்தன. வேலை மட்டும் மாறவில்லை. 1945-இல் குவெட்டாவிலிருந்து இம்பால் வரை, ஏறத்தாழ ஒரு துணைக்கண்டத்தின் அகலம், மூவாயிரம் மைலுக்கு மேல், வண்டிகளைச் சாலை வழியே ஓட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பாலைவனப் புழுதி தொடங்கி அசாமின் மலைச்சாலை வரை அந்த எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டிய உழைப்பு, எந்தப் போர்க்கள வீரத்துக்கும் குறைந்ததல்ல. இம்பாலிலிருந்து பர்மாவுக்குள் நுழைந்து மெய்க்டிலா, பெகு வரை போனார்கள். அப்போது படைக்குத் தலைமை தாங்கிய ஜே. என். சௌத்ரி, பின்னாளில் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியானார்.

1965 இந்திய-பாகிஸ்தான் போரில் சியால்கோட் முனையில் இதே படைப்பிரிவு செஞ்சூரியன் டாங்கிகளில் ஏறிப் போரிட்டது.

குதிரைகள் இல்லாவிட்டாலும், கேவல்ரி என்ற பெயரை அந்தப் படை இன்றுவரை விடவில்லை.