உங்களுக்குத் தெரியுமா? டிராயைத் தோண்டியவரின் டைரிகள்

ஏதென்ஸில் உள்ள ஜெனாடியஸ் நூலகம் ஒரு மகன் தன் தந்தைக்கு எழுப்பிய நினைவகம்! லண்டனில் கிரேக்கத் தூதராக இருந்த யோவான்னிஸ் ஜெனாடியஸ், ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்த சுமார் 26,000 நூல்களை 1922-இல் அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளிக்கு வழங்கினார். கேட்டதெல்லாம், தனிக் கட்டடமும் தந்தையின் பெயரும்தான். கிரேக்க அரசு நிலம் தர, கார்னெகி அறக்கட்டளை பணம் தர, 1926-இல் பளிங்குத் தூண்களுடன் நூலகம் திறந்தது.

இங்குள்ள பெரும் புதையல் காகிதத்தில் இருக்கிறது.

டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமனின் 18 டைரிகளும் ஆயிரக்கணக்கான கடிதங்களும் இங்கேதான். போகும் நாட்டின் மொழியிலேயே டைரி எழுதுவது அவர் வழக்கம். அதனால் அவற்றைப் படிக்க வருபவருக்கு ஒரு மொழி போதாது. நோபல் பரிசு பெற்ற கிரேக்கக் கவிஞர் செஃபெரிஸின் கையெழுத்துத் தாள்களும் இதே கூரையின் கீழ் உள்ளன.