கோழித் தூக்கம் தூங்கும் சில்லு

பால் பொங்குகிற சமயம் பார்த்துத்தான் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வருவதற்குள் பால் வழிந்து, மின்சார அடுப்பின் கண்ணாடி மேல் பரவியிருக்கும். அணைக்கலாமென்று விரலை வைத்தால், அடுப்பு 'பீப், பீப்' என்று கத்துகிறதே தவிரச் சொன்னதைக் கேட்பதில்லை. சில அடுப்புகள் தாமாகவே அணைந்துவிடுகின்றன. இதென்ன பிடிவாதம் என்று கோபம் வருகிறதல்லவா?

கண்ணாடிக்கு அடியில் நிஜமான பொத்தான் எதுவும் கிடையாது. ஒவ்வொரு குறிக்கும் கீழே ஓர் உலோகத் தகடு; அவ்வளவுதான். அதில் எவ்வளவு மின்சாரம் தேங்குகிறது என்பதை, துவரம் பருப்பு அளவுள்ள ஒரு சில்லு திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கிறது. மைக்ரோ கண்ட்ரோலர் என்று அதற்குப் பெயர். விரல் கிட்டே வந்தால் தேக்கம் துளியூண்டு கூடும். உடனே சில்லு புரிந்துகொள்ளும்.

சங்கடம் என்னவென்றால், வழிந்த பாலும் தேக்கத்தைக் கூட்டுகிறது! இரண்டு மூன்று தகடுகளில் ஒரே சமயத்தில் மாறுதல் தெரிந்தால், 'இது விரலல்ல' என்று தீர்மானித்து அடுப்பை அணைப்பதுதான் நல்ல சில்லுக்கு அழகு. ஆக, அந்தப் பிடிவாதம் நம் நன்மைக்குத்தான்.

பாட்டரியில் ஓடும் சமையலறைத் தராசுக்கோ வேறு கவலை. நாணயம் போன்ற சிஆர் 2032 பாட்டரியில் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. சில்லு சதா விழித்திருந்து 1 மில்லி ஆம்பியர் குடித்தால், ஒன்பதே நாளில் பாட்டரி காலி! சராசரியை 5 மைக்ரோ ஆம்பியராக இறக்கிவிட்டால், கணக்குப்படி 5 வருஷம் வரும். அதனால் சில்லைக் கோழித் தூக்கம் தூங்கப் பழக்குகிறார்கள். விநாடிக்குச் சில தடவை கண் விழித்து, எல்லாத் தகடுகளையும் ஒரே தகடாகச் சேர்த்து ஒரு பார்வை பார்க்கும். யாரும் தொடவில்லையென்றால் மறுபடி தூக்கம். அதிக நேரம் தூங்கவிட்டால் பாட்டரி மிச்சம்தான். ஆனால் தொட்டவுடன் பதில் வராது. எனவே சில்லைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர், "எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும்?" என்பதைவிட, "தூங்கும்போது எவ்வளவு குடிக்கும்? எவ்வளவு சீக்கிரம் எழும்?" என்றுதான் முதலில் பார்க்கிறார். சில சில்லுகளில் மூளை தூங்கினாலும் அளக்கும் பகுதி மட்டும் விழித்திருக்கும். வீடே உறங்கும்போது பாட்டி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாளே, அதுபோல!

எல்லாம் சரி. வழுவழுவென்ற கண்ணாடியில் எது எங்கே என்று பார்வையற்றவர்கள் எப்படித் தடவிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு சிறு மேடாவது வைக்கக் கூடாதா?

இன்னொன்று. ஸ்விட்சைப் போடும்போது ஈரத்துணி பலகைமேல் கிடந்தால், சில அடுப்புகளின் சில்லு அந்த ஈரத்தையே சாதாரண நிலை என்று எண்ணிக்கொண்டு, பிறகு விரலைத் தொட்டால் தடுமாறும். துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். புதிதாக வாங்கும்போது, கடையிலேயே விரலை நனைத்துக்கொண்டு அணைக்கும் குறியைத் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்!